குழந்தையின் தோலும் ஓர் அமானிதம்

 

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நாங்கள் எங்கள் வீட்டின் முன்னறையிலேயே ஓதிக் கொடுத்து வருகிறோம். மஃரிபுக்குப் பின் கணவரிடம் சிறுவர்கள் ஓதுவார்கள். அஸருக்குப் பின் பெண்கள் வகுப்பு. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டு ஆண்களில் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஆகவே பாடம் முடிந்தாலும் பெண்கள் உடனே எழுந்து போவதில்லை. களாத் தொழுகையைப் பற்றிக் கேட்பார்கள். மாமியாருடன் ஏற்பட்ட மனத்தாங்கலைச் சொல்வார்கள். பிள்ளை இரவில் உறங்காததற்கு வழி கேட்பார்கள். மார்க்கம் தெரிந்தவருக்கு மற்றதும் தெரிந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்களுக்கு இனிப்பாக இருந்தது என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். எங்களிடம் ஓதிய மாணவி ஒருத்தி, தாயாகித் தன் எட்டு மாத மகனைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். பிள்ளையின் கன்னங்களிலும் முழங்கை மடிப்புகளிலும் கரப்பான். சொறிந்து சொறிந்து தோல் சிவந்து, சில இடங்களில் நீர் கசிந்திருந்தது.

"உஸ்தாபி, ராவெல்லாம் சொறியுறான். எதைப் பூசியும் கேக்கல. நீங்க ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

நாங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அலமாரியில் கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டி இருந்தது. ரமளானில் ஒரு கடையில் வாங்கியது. கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் வரும் செய்தியை அவளுக்கு எடுத்துச் சொன்னோம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் காலையும் இரவும் பூசும்படி புட்டியையே கையில் கொடுத்து அனுப்பினோம். அவள் அந்தப் புட்டியை முத்தமிட்டு வாங்கிக்கொண்டாள்.

நான்காம் நாள் ஃபஜ்ருக்கு முன் கைப்பேசி ஒலித்தது. பூசிய இடமெல்லாம் கொப்புளம். கன்னத்தின் மேல்தோல் உரிந்து, பிள்ளை பால் குடிக்கக்கூட வாயைத் திறக்காமல் அழுகிறான். கணவர் ஆட்டோ பிடித்து வந்தார். நாங்கள் இருவரும் அவளுடன் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்த தோல் மருத்துவர் பிள்ளையைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "என்ன பூசினீர்கள்? யார் பூசச் சொன்னார்கள்?"

அவள் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றாள்.

எங்கள் மானத்தைக் காப்பதற்காக அந்தப் பெண் ஒரு பொய்யைச் சொன்னாள். பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எங்கள் நஃப்ஸ் ஒரு கணம் விரும்பியது என்பதும் உண்மை. பிறகு, "நாங்கள்தாம் சொன்னோம், எண்ணெயும் நாங்கள் கொடுத்ததுதான்" என்று கூறினோம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "உண்மையைச் சொன்னது நல்லதாயிற்று. பூசியது எது என்று தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும்" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மாதப் பிள்ளையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு நம்முடையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதை அன்றுதான் அறிந்தோம். அதன் தோல் மெல்லியது. பூசுவது எளிதில் உள்ளே இறங்கும். கரப்பானால் வெடித்த தோல் என்றால் வாசலே திறந்து கிடப்பதைப் போல. கருஞ்சீரக எண்ணெய் என்பதோ பல விதைகளைப் பிழிந்து எடுத்த செறிவான சாறு. பெரியவர்களுக்கே அதைப் பூசித் தோல் அழற்சியும் கொப்புளமும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உணவில் தூவும் ஒரு சிட்டிகை விதையும், பிள்ளையின் வெடித்த கன்னத்தில் பூசும் எண்ணெயும் ஒன்றல்ல.

நாங்கள் கற்றுக் கொடுத்த பாடம் எங்களிடமே திரும்பி வந்தது

அன்றிரவு வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினோம். அவை நாங்கள் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நூல்கள்தாம்.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் நிகழ்வு ஒன்று உண்டு. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட, தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அந்தச் சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற பொருளில் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு நிவாரணம் கேட்பதுதான் என்பதையும் உணர்த்தினார்கள்.

இந்தச் செய்தியைத் தயம்மும் பாடத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். காயம்பட்டவருக்குத் தயம்மும் கூடும் என்ற சட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். சட்டம் சொன்னவர்களின் இடத்தில் எங்களை ஒருபோதும் வைத்துப் பார்த்ததில்லை. அவர்களும் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்கள். மார்க்கத்தை நேசித்துத்தான் சொன்னார்கள். ஆனால் எதிரே இருந்தவரின் காயத்தைப் பார்க்கவில்லை.

அதே அபூதாவூதில், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களிலும், இன்னொரு செய்தி உள்ளது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. தேர்வில் இதற்கு விடை எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நாங்கள். அந்தப் பொறுப்பு ஒரு புட்டி எண்ணெயின் வடிவில் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்ததை அறியவில்லை.

அப்படியானால் கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி? அதில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஐயப்பட வேண்டியது நாங்கள் அதைக் கையாண்ட விதத்தைத்தான். இமாம் கத்தாபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள், "எல்லா நோய்க்கும்" என்ற சொல் பொதுவாக வந்திருந்தாலும் அது குறிப்பிட்ட வகை நோய்களையே கருதுகிறது என்று எழுதியுள்ளார்கள். காய்ச்சலைத் தண்ணீரால் தணியுங்கள் என்ற செய்தி, ஹிஜாஸ் போன்ற வெப்ப நாட்டு மக்களை முன்வைத்துச் சொல்லப்பட்டது என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்குகிறார். நோய், வயது, நாடு, அளவு ஆகியவற்றைப் பார்த்தே மருந்து என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படி நபி (ஸல்) அவர்களே கூறியதாக அபூதாவூதில் வருகிறது. இறைத்தூதரே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பியிருக்க, நாங்கள் அலமாரியைத் திறந்தோம்.

பாயில் பரப்பிய புட்டிகள்

பிள்ளையின் புண் ஆறிவர மூன்று வாரம் ஆயிற்று, அல்ஹம்துலில்லாஹ். பிறகு நாங்கள் அந்த மருத்துவரிடம் ஓர் உதவி கேட்டோம். ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து தாய்மார்களிடம் பேச வேண்டும் என்றோம். அவர் மறுக்காமல் வந்தார். வரும்போது ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: பிள்ளைகளுக்குப் பூசும், தேய்க்கும், தடவும் பொருள்கள் அனைத்தையும் வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டும்.

அன்று முன்னறைப் பாய் முழுவதும் புட்டிகளும் டப்பாக்களும் பொட்டலங்களும்தாம். ஆலிவ் எண்ணெய், நலங்கு மாவு, மஞ்சள் தூள், வேப்பெண்ணெய், கற்பூர எண்ணெய், மருதாணிக் கூம்பு, சுர்மா. "மூலிகைதானே, இதில் என்ன வந்துவிடும்" என்ற முணுமுணுப்பும் இருந்தது. மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். அவரிடம் கேட்டதையும், பின்னர் படித்து உறுதிசெய்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஆலிவ் எண்ணெய். அது பரக்கத்தான மரத்தின் எண்ணெய் என்பதால் நம் வீடுகளில் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தேய்க்கிறார்கள். உண்பதற்கு அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013-இல் பெரியவர்களின் கைகளில் தொடர்ந்து தடவிப் பார்த்தபோது, ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைத் தளர்த்தி இலேசான சிவப்பையும் உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. பெரியவர்களின் தோலுக்கே இப்படி என்றால், வறண்ட தோலும் கரப்பானும் உள்ள பிள்ளைக்கு அது உகந்ததல்ல என்றார் மருத்துவர்.

அடுத்து நலங்கு மாவு. பாசிப்பயறும் ரோஜா இதழும் வெட்டிவேரும் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. "இதில் கார்போகரிசி போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். பலர் தலையசைத்தார்கள். கார்போகரிசியில் சோராலென் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் பட்ட பின் வெயில் பட்டால் தீக்காயம் போலச் சிவந்து கொப்புளிக்கும். பின்னர் கரும்படை தங்கிவிடும். வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்கிறவர்கள் இந்தத் தன்மையைத்தான் கணக்கிட்ட அளவில் பயன்படுத்துகிறார்கள். குளிப்பாட்டிய பிள்ளையை முற்றத்து இளவெயிலில் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மாவையும் அந்த வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். எலுமிச்சைத் தோல் பொடியிலும் இதே வகைப் பொருள்கள் உண்டு. மேலும், மாவை முகத்துக்கருகில் தூவினால் பிள்ளை மூச்சில் இழுத்துவிடும். குழைத்து மென்மையாகப் பூசினாலும் கரகரப்பாகத் தேய்த்தால் மெல்லிய தோல் கீறிவிடும்.

மஞ்சளைப் பற்றி ஒரு மூதாட்டி கேட்டார். மஞ்சளில் குறையில்லை, மஞ்சளுக்குப் போடும் நிறத்தில்தான் ஆபத்து என்றார் மருத்துவர். கிழங்கு பளபளப்பாகத் தெரிவதற்காக ஈயம் கலந்த லெட் குரோமேட் என்ற சாயத்தைச் சேர்ப்பதை வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினார்கள். பூசிய கையைப் பிள்ளை வாயில் வைக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். நம்பகமான இடத்தில் கிழங்காக வாங்கிக் கழுவி அரைப்பது மேல். கைக்குழந்தையின் முகத்துக்குப் பூசாமலே விடுவது அதனினும் மேல்.

ஈயம் என்றவுடன் சுர்மாப் புட்டி ஒன்றை மருத்துவர் எடுத்தார். அறை அமைதியாயிற்று. இஸ்மித் என்னும் சுர்மாவை நபி (ஸல்) அவர்கள் விரும்பியது நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. ஆனால் இன்று கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் இருப்பது கலீனா என்ற ஈயத் தாது. இதனால்தான் அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை சுர்மா வகைகளைக் கண்ணுக்குப் பூச அனுமதிப்பதில்லை. பெயர் சுன்னத்தினுடையது என்பதால் புட்டிக்குள் இருப்பதும் அதுவாகிவிடாது. சுன்னத்தை நேசிக்கும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது உண்மையிலேயே அதுதானா என்பதல்லவா?

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சிச் சளிக்கு நெஞ்சில் தடவாத வீடு எங்கள் ஊரில் இல்லை. இங்குதான் மருத்துவரின் குரல் உயர்ந்தது. கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடலுக்குள் செல்லும். சிறு பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது. நாக்கில் பட்ட சிறிதளவே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் பூசுமருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நாமோ கண்ணளவில் கட்டியை உடைத்துப் போடுகிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பூரம் வேண்டவே வேண்டாம். நீலகிரித் தைலமும் அப்படியே. அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

வேப்பெண்ணெயைப் பூசுவதோடு நிறுத்தாமல், பூச்சிக்கென்று சங்கில் ஊற்றிப் புகட்டும் பழக்கமும் இருந்தது. மலேசியாவில் இவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பூசுவதற்கு வைத்திருக்கும் புட்டிதான் தவறுதலாக வாய்க்குப் போகிறது. ஆகையால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தப் புட்டியே வேண்டாம் என்றார்.

பெருநாள் மருதாணி

இறுதியாக மருதாணி. பெருநாள் இரவில் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு வட்டமாவது வைக்காவிட்டால் நம் பெண்களுக்குப் பெருநாளே வராது. அந்த மகிழ்ச்சியை யாரும் பறிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு செய்திகளை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கறுப்பு மருதாணி. மருதாணி இலை தரும் நிறம் செம்மை. கறுப்பு அதற்கு இயல்பல்ல. சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் அதில் பி.பி.டி. எனப்படும் முடிச்சாயப் பொருளைக் கலந்திருப்பார்கள். கோலம் போட்ட அதே கோடுகளில் கொப்புளம் எழும், தழும்பும் தங்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும். பின்னாளில் தலைக்குச் சாயம் பூசும்போதுகூட முகம் வீங்கிவிடும்.

இரண்டாவது, தூய மருதாணியைப் பற்றியது. இதைக் கேட்டு எல்லோரும் திகைத்தோம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மருதாணியில் நிறம் தரும் லாசோன் என்ற பொருள் தோல் வழியே உள்ளே போனால் இத்தகைய பிள்ளைகளின் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். கைகால் முழுவதும் மருதாணி அப்பிய கைக்குழந்தைகள் கடும் இரத்தச் சோகைக்கும் மஞ்சள் காமாலைக்கும் ஆளாகி உயிருக்குப் போராடிய நிகழ்வுகள் உண்டு. துணி அலமாரியில் போடும் நாப்தலின் அந்துருண்டையும் இந்தப் பிள்ளைகளுக்கு இதே தீங்கைச் செய்யும். பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணியைக் கழுவாமல் பிள்ளைக்குப் போர்த்த வேண்டாம். மருதாணி வைத்த ஓரிரு நாள்களில் பிள்ளை வெளிறினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டஞ்சாயா போலக் கறுத்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"அப்போ பிள்ளைக்கு மருதாணியே கூடாதா?" என்று ஒருத்தி கேட்டாள். கைக்குழந்தைக்கு வேண்டாம்; சற்று வளர்ந்த பிள்ளைக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தோட்டத்து இலையை அரைத்துச் சிறிதளவு வைக்கலாம் என்றார் மருத்துவர்.

மூத்தவர்களின் மனம்

அந்தக் கூட்டத்தில் எங்கள் மாணவியின் மாமியாரும் இருந்தார். முகம் வாடியிருந்தது. "நாங்க ஏழு பிள்ளை பெத்து வளர்த்தோம். இதையெல்லாம் பூசித்தான் வளர்த்தோம். ஒன்னும் ஆவலையே" என்றார்.

அவருக்கு என்ன விடை சொல்வது? அவர் பொய் சொல்லவில்லை. அன்பில் குறை வைக்கவுமில்லை. மருத்துவர் அவரருகே போய் உட்கார்ந்து, "அம்மா, உங்கள் பழக்கத்தில் நல்லதும் நிறைய இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்தீர்களே, அது நல்ல வேலை" என்றார். பிலிப்பைன்ஸில் தோல் அழற்சி உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், பச்சைத் தேங்காய் எண்ணெய் தோலின் வறட்சியைக் குறைத்து நல்ல பலன் தந்தது 2014-இல் வெளியாகியுள்ளது. முதியவரின் முகம் மலர்ந்தது. பிறகு அவரே மெல்லிய குரலில், "ஏழுல ரெண்டு மௌத்தாப் போச்சு. ஒன்னுக்கு வலிப்பு வந்துச்சு. ஏன்னு அப்ப யாருக்குத் தெரியும்" என்றார்.

யாரும் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு எதனால் வந்தது என்பதை அல்லாஹ் மட்டுமே அறிவான். ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்று நாம் சொல்லும்போது, ஆனவற்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை என்பதை அன்று புரிந்துகொண்டோம். தாய்மார்களே, மாமியாரோ உம்மம்மாவோ எதையாவது பூச வரும்போது அவர்களை அவமதித்துவிடாதீர்கள். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசுவோம் மாமி" என்று பணிவாகச் சொல்லுங்கள். கண்ணியமும் காப்பாற்றப்படும், பிள்ளையும் காப்பாற்றப்படும்.

இப்போது எங்கள் வீட்டில்

அன்று முதல் எங்கள் வகுப்பில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். வெடித்த தோலிலும் புண்ணிலும் மருத்துவர் சொன்னதைத் தவிர வேறெதையும் பூசுவதில்லை. என்ன கலந்திருக்கிறது என்று எழுதப்படாத புட்டியை, அது எவ்வளவு பரக்கத்தான ஊரிலிருந்து வந்திருந்தாலும், பிள்ளைக்குத் தொடுவதில்லை. பத்து மூலிகை சேர்ந்த பொடியைவிட ஒரே பொருளே மேல். தீங்கு வந்தால் எதனால் என்றாவது தெரியும். புதிய எதையும் முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் பயறளவு தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறோம். அதில் தேறிவிட்டாலும் முழு உறுதி கிடைத்துவிட்டதாக எண்ணுவதில்லை. கண், மூக்கு, வாய் அருகே எதையும் கொண்டுபோவதில்லை. எதைப் பூசினாலும் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் குறித்து வைக்கிறோம். மருத்துவமனையில் கேட்டால் மறைக்காமல் அதைக் காட்டுகிறோம்.

கடைசியில் சொன்னதுதான் எங்களுக்கு மிக முக்கியம். நம் பெண்களில் பலர் வைத்தியர் திட்டுவாரே என்று பயந்து, பூசியதைச் சொல்வதில்லை. உஸ்தாபியைக் காட்டிக் கொடுக்கக் கூடாதே என்றும் சொல்வதில்லை. சகோதரிகளே, எங்களைப் போன்றவர்களின் மானம் உங்கள் பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல.

பிள்ளை நமக்குச் சொந்தமல்ல, அமானிதம். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியைப் பிள்ளையின் தொழுகைக்கும் ஒழுக்கத்துக்கும் சொல்கிறோம். பேசத் தெரியாத அந்த உடலுக்கும் அது பொருந்தும். எரிகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அழ மட்டுமே தெரியும். அழுகைக்கு நாம் கண்ணூறு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது கடந்துவிட்டது, மாஷா அல்லாஹ். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறான். அலிஃப் என்று சொல்லச் சொன்னால் பா என்கிறான். இடக் கன்னத்தில் மட்டும் ஒரு காசளவு நிறம் மங்கியிருக்கிறது. அவன் மடியில் வந்து உட்காரும்போதெல்லாம் எங்கள் கண் அங்கேதான் போகும். காலப்போக்கில் அதுவும் மறைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பாடம் முடிந்த பின் பெண்கள் இன்றும் எழுந்து போவதில்லை. "உஸ்தாபி, இதைப் பூசலாமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தொலைதூரத்திலிருந்து வந்தவரிடமும் தயங்காமல் 'தெரியாது' என்று சொல்லக்கூடியவர்கள் என்பதை நாங்கள் பல முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். இப்போதுதான் அதைச் செய்கிறோம். "எங்களுக்குத் தெரியாது, மருத்துவரிடம் கேளுங்கள், துஆ நாங்கள் செய்கிறோம்" என்று சொல்கிறோம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு உடல்நலத்தையும், நமக்குக் கேட்டறியும் பணிவையும், அறியாமல் செய்த தவறுகளுக்கு மன்னிப்பையும் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.